காலையில் சுட்ட சப்பாத்தி மதியம் விறைத்துப் போகிறது: மாவா, தண்ணீரா, தீயா?

செல்வி_திருப்பூர்
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ரெண்டு பேருக்கு மதியத்துக்கு சப்பாத்திதான் கட்டிக் கொடுக்கிறேன். கல்லுல இருந்து எடுக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. காலையில ஏழு மணிக்குச் சுட்டதை ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து பார்த்தா ஓரமெல்லாம் விறைச்சுப் போயி, பிச்சா ஒடியுது. பால் ஊத்திப் பிசைஞ்சேன், வாழைப்பழம் சேர்த்தேன், பெருசா வித்தியாசம் தெரியல. மைதா கலந்தா மெத்துன்னு வரும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கு, அதனால மைதா வேண்டாம்னு பார்க்கிறேன்.

பாக்கெட் கோதுமை மாவு. ரெண்டு டம்ளர் மாவுக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல தண்ணி ஊத்துவேன். பிசைஞ்ச உடனே தேய்ச்சிடுவேன், காலையில நேரம் இருக்காது. கருகக் கூடாதுன்னு சிறுதீயில வெச்சுப் பொறுமையாத்தான் சுடறேன். எங்கே மாத்தணும்னு சொல்லுங்க.

மாட்டுங்கா_கௌரி
செல்வி, நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. தண்ணி குறைச்சல், ஊறல் இல்ல, தீ குறைச்சல். இந்த மூணையும் மாத்தினா பாலும் வேண்டாம், பழமும் வேண்டாம்.

ரெண்டு டம்ளருக்கு அரை டம்ளர் சொச்சம்ங்கிறது பூரி மாவுப் பதம். பூரிக்கு அது சரி, கெட்டியா இருந்தாத்தான் எண்ணெய் குடிக்காது. சப்பாத்திக்கு அதே ரெண்டு டம்ளருக்கு முக்கால் டம்ளருக்கு மேலயே போகும். தராசு இருந்தா 250 கிராம் மாவுக்கு 165ல இருந்து 175 மில்லி வரைக்கும் தண்ணி. மாவுக்கு மாவு கொஞ்சம் மாறும், அதனால கடைசி ரெண்டு ஸ்பூனைக் கையில வெச்சுண்டு பதம் பார்த்து ஊத்துங்கோ.

பதம் எப்படித் தெரியும்னா, பிசைய ஆரம்பிக்கறச்சே கையெல்லாம் ஒட்டும். அப்போ பயந்து வரமாவைக் கொட்டாதீங்கோ, எல்லாரும் அங்கேதான் கெடுக்கறா. அப்படியே அஞ்சு நிமிஷம் மூடி வெச்சுட்டு வந்து பிசைஞ்சா ஒட்டறது தானா நின்னுடும். தவிடு மெதுவாத்தான் தண்ணியை இழுக்கும், அதுக்கு நேரம் கொடுக்கணும். உள்ளங்கை அடியால தள்ளித் தள்ளி, மடிச்சு மடிச்சு ஒரு ஏழெட்டு நிமிஷம். கடைசியில விரலால அழுத்தினா குழி விழுந்து மெதுவா மேல வரணும். சட்டுனு எழும்பினா இன்னும் தண்ணி கேட்கறதுன்னு அர்த்தம். குழி அப்படியே நின்னுதுன்னா தண்ணி ஜாஸ்தி. அப்புறம் ஈரத்துணியால மூடி அரை மணி நேரம். காலையில முடியாதுன்னா ராத்திரியே பிசைஞ்சு, மேல எண்ணெய் தடவி, மூடி போட்ட டப்பாவில ஃப்ரிட்ஜுல வெச்சுடுங்கோ. தேய்க்கறதுக்கு அரை மணி முன்னாடி வெளியில எடுத்தாப் போறும்.

டெல்லி_மணி
கௌரியம்மா சொன்னதுல எனக்கு முழு உடன்பாடு. தீயைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன். நம்ம ஊர்க்காரங்க சப்பாத்தியை தோசை மாதிரி பாவிச்சு மிதமான சூட்டுல போட்டு நிதானமா வேக விடறாங்க. அங்கதான் அது வறண்டு போகுது. கல்லுல அதிக நேரம் கிடந்தா உள்ள இருக்கிற ஈரம் எல்லாம் ஆவியாப் போயிடும். நல்லாக் காய்ஞ்ச கல்லுல ஒரு சப்பாத்தி மொத்தமா ஒரு நிமிஷம், ஒன்னேகால் நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடணும்.

கல் காய்ஞ்சிருக்கான்னு பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்க. சில நொடியில பழுப்பா மாறினா சரி. உடனே கருகிப் புகைஞ்சா தீயைக் குறைங்க. அப்படியே வெள்ளையா நின்னா இன்னும் காயணும்.

புல்கா போடற முறை இதுதான். 35 கிராம் உருண்டை, தேய்ச்சா ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவா வரும். நடுவுல தடிமனா, ஓரம் மெலிசா இருக்கக் கூடாது. கல்லுல போட்டு நிறம் மாறி, சின்னச் சின்னக் கொப்புளம் தெரிஞ்சதும், அதாவது 15, 20 நொடியில, திருப்பிடணும். இந்த முதல் பக்கம் அரைவேக்காடாத்தான் இருக்கணும். ரெண்டாவது பக்கம் அரை நிமிஷத்துக்கு மேல கிடந்து பழுப்புப் புள்ளி விழட்டும். அப்புறம் கல்லை நகர்த்திட்டு, இடுக்கியால எடுத்து, முதல் பக்கம் நெருப்பைப் பார்க்கிற மாதிரி நேரா தீயில காட்டணும். மூணு நாலு நொடியில உப்பி நிக்கும்.

செல்வி_திருப்பூர்
ரெண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, எனக்கு உப்பவே மாட்டேங்குது. ஒரு பக்கம் மட்டும் எழும்பி, காத்து போயி அப்படியே உட்கார்ந்திடுது. சாப்ட்டா இருக்கிறதுக்கும் உப்பறதுக்கும் சம்பந்தம் இருக்கா?

உணவியல்_கார்த்தி
இருக்குங்க அக்கா. நான் உணவுத் தொழில்நுட்பம் படிச்சவன், தெரிஞ்சதைச் சொல்றேன்.

சப்பாத்தியை உப்ப வைக்கிறது நீராவிதான், சோடாவோ ஈஸ்ட்டோ கிடையாது. ஒரு கிராம் தண்ணி 100 டிகிரியில ஆவியானா கிட்டத்தட்ட 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். சப்பாத்தியோட ரெண்டு பக்கமும் மேல்தோல் சட்டுனு வெந்து மூடிக்கிட்டா, நடுவுல உண்டாகிற ஆவி வெளியேற வழியில்லாம ரெண்டு தோலையும் பிரிச்சுத் தள்ளும். அதுதான் உப்பறது. மாவுல ஈரம் குறைவா இருந்தா ஆவி குறைவு. சூடு குறைவா இருந்தா ஆவி மெதுவாக் கிளம்பிக் கசிஞ்சு போயிடும். தேய்க்கிறப்ப மடிப்பு விழுந்தாலோ, கிள்ளல் விழுந்தாலோ, கரண்டிக் காம்பு குத்தினாலோ அந்த ஓட்டை வழியா போயிடும். ஒரு பக்கம் எழும்பி உட்காருதுன்னா பெரும்பாலும் தடிமன் சமமா இல்ல, இல்லைன்னா முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டு வறள வெச்சிருக்கீங்க.

உப்பின சப்பாத்தி உள்பக்கம் ஆவியிலயே முழுசா வெந்திருக்கும். அதனாலதான் அது மெத்துன்னு இருக்கு. உப்பாததை வேக வைக்கணும்னு கல்லுல கூடுதலா ஒரு நிமிஷம் விடுவோம், அந்த ஒரு நிமிஷம் அதை வறட்டி ஆக்கிடும்.

மதியம் விறைக்கிறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெந்தப்ப தண்ணியைக் குடிச்சு இளகின மாவுச்சத்து, ஆற ஆறத் திரும்பவும் இறுகி வரிசையாச் சேர்ந்துக்கும். பழைய சோறு விறைக்கிறதும் இதே காரணம்தான். ஃப்ரிட்ஜ் குளிர்ல இது ரொம்ப வேகமா நடக்கும். அதனால சுட்ட சப்பாத்தியை ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைக்காதீங்க. மிச்சமாச்சுன்னா ஃப்ரீசர்ல வைங்க, அங்க அது கிட்டத்தட்ட நின்னுடும். நல்லாச் சூடு பண்ணினா இறுகினது மறுபடியும் இளகிடும், ஆனா ஈரம் போயிருந்தா அதைத் திருப்பிக் கொண்டு வர முடியாது. அதனால சுடறப்ப ஈரத்தைக் காப்பாத்தறதுதான் முக்கியமான வேலை.

பால் கெடுதல் இல்ல, நிறமும் ருசியும் கூடும். ஆனா தண்ணி பத்தாத மாவைப் பால் காப்பாத்தாது. வெயில் காலத்துல பால்ல பிசைஞ்ச மாவு சீக்கிரம் புளிச்சும் போயிடும். வெந்நீர்ல பிசையறவங்களும் இருக்காங்க, கை பொறுக்கிற சூட்டுக்கு மேல போனா மாவுச்சத்துல ஒரு பகுதி அப்பவே வெந்து தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். சப்பாத்தி மெத்துன்னு வரும், ஆனா இழுவை குறையும், அதனால ரொம்ப மெலிசாத் தேய்க்க வராது.

மாட்டுங்கா_கௌரி
கார்த்தி அழகாச் சொன்னார். ஒண்ணு மட்டும் மணி சாரோட சண்டை போடணும். டப்பாவில கட்டிக் கொடுக்கறதுக்கு புல்கா லாயக்கில்லை. அது தட்டுக்கு நேராப் போக வேண்டியது. இங்கே மராத்திக்காரா வீட்டுல டப்பாவுக்கு போடறது 'கடீச்சி போளி'. நம்மாத்துல முக்கோணமா மடிச்சுப் போடற சப்பாத்தியும் அதே வகைதான். சின்ன வட்டமாத் தேய்ச்சு, மேல எண்ணெய் தடவி, ஒரு சிட்டிகை மாவு தூவி, பாதியா மடிச்சு, திரும்பப் பாதியா மடிச்சு, அந்த முக்கோணத்தைத் தேய்க்கணும். உள்ள இருக்கிற எண்ணெய் அடுக்கு அடுக்காப் பிரிச்சு வைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிச்சாலும் ஏடு ஏடா வரும்.

இந்த வகையை நெருப்புல காட்டக் கூடாது. கல்லுலயே மடிச்ச துணியால ஓரத்தை அழுத்தி அழுத்தி விட்டாலே பந்தா எழும்பும். எடுத்த சூட்டோட அரை ஸ்பூன் நெய்.

டெல்லி_மணி
லாயக்கில்லைன்னு சொல்ல மாட்டேன் அம்மா. இங்க ஆபீஸ்ல பாதிப் பேர் டிபன்ல புல்காதான், மெலிசாத் தேய்ச்சு, நெய் தடவி, துணியில சுத்திக் கொண்டு வர்றாங்க. சுட்டதும் நேரா டப்பாவுல அடைச்சாத்தான் பிரச்சினை. ஆவி மூடியில முட்டித் தண்ணியாச் சொட்டி அடிச் சப்பாத்தி கொழகொழன்னு ஆயிடும். அதுக்குன்னு காத்தாட விட்டா காய்ஞ்சு போகும். பருத்தித் துணி விரிச்ச ஹாட்பாக்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டே போகணும், கடைசி சப்பாத்தி சுட்டு முடிச்சதும் துணியை மடிச்சு மூடணும். ஆனா செல்விம்மாவுக்கு ஆறு மணி நேரம் தாங்கணும். அதுக்கு மடிச்ச சப்பாத்தி பாதுகாப்பானது, அதை ஒத்துக்கிறேன்.

மாவுமில்_ஈரோடு
நான் மாவு மில் வெச்சிருக்கேன்ங்க. இதுல மாவைப் பத்தி யாரும் பேசலை, அதனால எழுதறேன்.

கல்லுல அரைச்ச மாவும் ரோலர்ல அரைச்ச மாவும் ஒண்ணு கிடையாது. கல் மில்லுல கோதுமை நசுங்கித் தேய்ஞ்சு சூடாகி வருது. அதுல மாவுச்சத்து மணிகள் நிறைய உடையும். உடைஞ்ச மணி தண்ணியை நிறையக் குடிக்கும். அதனாலதான் கல் மில் மாவுக்குத் தண்ணி அதிகம் பிடிக்குது, சப்பாத்தியும் மெத்துன்னு வருது. மைதா ரோலர்ல வர்றது, அதுல உடைசல் குறைவு. பாக்கெட் வாங்கறவங்க 'சக்கி ஆட்டா'ன்னு, அதாவது கல் மில்லுல அரைச்ச மாவுன்னு போட்டிருக்கா, பொருள் பட்டியல்ல முழுக் கோதுமை மட்டும்தான் இருக்கான்னு பாருங்க. சிலதுல மைதா, தவிடுன்னு தனித்தனியாப் போட்டுக் கலந்திருப்பாங்க.

கோதுமை வாங்கி அரைக்கிறவங்களுக்கு: கழுவினா நல்லாக் காய வெச்சுக் கொண்டு வாங்க. ஈரம் இருந்தா கல்லுல அப்பிக்கும், மாவும் சீக்கிரம் வண்டு பிடிக்கும். சப்பாத்திக்குன்னு சொல்லி நைசா அரைச்சு வாங்குங்க. மில்லுல இருந்து வர்ற மாவு கை வைக்க முடியாத சூட்டுல இருக்கும். அதை அப்படியே டப்பாவுல கொட்டி மூடினா உள்ள வேர்த்துக் கட்டி பிடிக்கும். பேப்பர்லயோ வேட்டியிலயோ பரப்பி ஆற விட்டு எடுத்து வைங்க. முழுக் கோதுமையில முளைப்பகுதி எண்ணெயும் சேர்ந்தே இருக்கறதால ஒரு மாசத்துக்கு மேல வெச்சா கசப்பு தட்டும். மூணு நாலு கிலோவா அரைச்சுக்கிறது நல்லது.

கொண்டைக்கடலை, சோயா சேர்த்து அரைக்கச் சொல்லி நிறையப் பேர் வர்றாங்க. சத்துக்கு நல்லது, தடை சொல்லலை. ஆனா அதுல கோதுமையோட இழுவை கிடையாது. பத்துப் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல போனா சப்பாத்தி ஒடியும், அப்புறம் மில்லுல மாவு சரியில்லைன்னு சொல்வாங்க. சம்பா கோதுமையும் அதே மாதிரிதான், ருசி அருமையா இருக்கும், ஆனா இழுவை குறைவு. சாதாக் கோதுமையோட பாதிப் பாதி கலந்துக்கங்க.

செல்வி_திருப்பூர்
அண்ணா, ரேஷன்ல வர்ற கோதுமையை அரைச்சுப் பார்க்கலாமா? அதுல போட்டா நிறம் மங்கலா வருதுன்னு அத்தை சொல்வாங்க.

மாவுமில்_ஈரோடு
தாராளமா அரைக்கலாம்ங்க. கல்லு, தூசி, பொக்கு எல்லாம் புடைச்சு எடுத்துட்டு, கழுவிக் காய வெச்சா நல்லாவே வரும். நிறம் லாட்டுக்கு லாட் மாறும். தவிட்டைச் சலிச்சுக் கொட்டிடாதீங்க. பெரிய தவிடு மட்டும் உறுத்துதுன்னா அதைத் தனியா எடுத்து, மாவுக்கு ஊத்தற தண்ணியில பத்து நிமிஷம் ஊற வெச்சு, அந்தத் தண்ணியோடயே சேர்த்துப் பிசைஞ்சிடுங்க. தேய்க்கிறப்ப கிழியாது.

ஓய்வுபெற்ற_வேளாண்_ஆசிரியர்
நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். சப்பாத்தியின் நிறம் இந்த நாட்டின் வேளாண் வரலாற்றையே திருப்பிய ஒன்று.

1960களில் மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைரகக் கோதுமைகளான சோனோரா 64, லெர்மா ரோஜோ 64 ஆகியவற்றின் விளைச்சல் பிரமாதமாக இருந்தது. 1966இல் மட்டும் 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி ஆயிற்று. ஆனால் அவற்றின் மணி சிவப்பு. மாவும் சப்பாத்தியும் மங்கலாக வந்தன, வட இந்தியச் சந்தையில் மஞ்சள் கலந்த வெளிர் மணிக்குப் பழகியவர்கள் அதை விரும்பவில்லை. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதனின் குழு, சோனோரா 64 விதைகளைக் காமா கதிருக்கு உட்படுத்தி, வெளிர் நிற மணி தரும் 'சர்பதி சோனோரா'வை உருவாக்கியது. 1967இல் அது வெளிவந்தது. விளைச்சல் மட்டும் இருந்தால் போதாது, தட்டில் விழும் ரொட்டியும் ஏற்கும்படி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிகளில் இதுவும் ஒன்று.

இன்று கடையில் 'சர்பதி' என்று கூடுதல் விலைக்கு விற்பது வேறு. மத்தியப் பிரதேசத்தின் செஹோர் வட்டாரத்தில் மானாவாரியாக விளையும் கோதுமை அது. அங்கே பயிராவது பெரும்பாலும் சி-306 என்ற பழைய நெட்டைரகம். மணி கனமாக, தங்க நிறத்தில் இருக்கும், சப்பாத்தி இனிப்பாக, மென்மையாக வரும். விலை கட்டுப்படியானால் வாங்கலாம். ஆனால் தண்ணீரும் தீயும் சரியில்லாமல் சர்பதியை வாங்கிப் பயனில்லை.

ரொறன்ரோ_தர்ஷி
நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். எங்கட பக்கம் ஆட்டா மாவில தேங்காய்ப்பூப் போட்டு ரொட்டி சுடுறதுதான் வழக்கம், மெல்லிய சப்பாத்தி இங்க வந்துதான் பழகினது. வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லோணும்.

இங்க சூப்பர்மார்க்கெட்டில 'ஹோல் வீட்' எண்டு விக்கிற மா, பாண் சுடுறதுக்கான மா. சிவப்புக் கோதுமை, ரோலரில அரைச்சது, தவிடு பெரிசு. அதில குழைச்சா தேய்க்கத் தேய்க்க உள்ள இழுத்துச் சுருங்கும். வேற வழியில்லையெண்டால் இளஞ்சுடு தண்ணி விட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஊற விடுங்கோ. கனடாவில 'ஹோல் வீட்' எண்டு போட்டிருந்தாலும் மணியில 5 வீதம் வரைக்கும் எடுக்கிறதுக்குச் சட்டத்தில இடமிருக்கு, பெரும்பாலும் முளைப்பகுதிதான் போகும். முழுசா வேணுமெண்டால் 'ஹோல் கிரெய்ன்' எண்டு பாத்து வாங்கோணும். தமிழ்க்கடையிலயும் பஞ்சாபிக் கடையிலயும் கிடைக்கிற ஆட்டாவிலயும் சிலதில டியூரம் கோதுமை எண்டு பையிலேயே எழுதியிருக்கும். அது மஞ்சளா வரும், தண்ணி கூடக் குடிக்கும்.

மற்றது அடுப்பு. கண்ணாடி மேல்தட்டு மின்சார அடுப்பில நெருப்புக் காட்ட ஏலாது. வார்ப்பிரும்புக் கல்லைப் பத்து நிமிசம் நல்லாக் காய விட்டு, ரெண்டாவது பக்கம் வேகேக்க மடிச்ச துணியால நடுவில இருந்து ஓரத்துக்கு மெதுவா ஒத்தி விடுங்கோ. எங்க எழும்புதோ அதுக்குப் பக்கத்தில அமத்தினால் காத்து மற்றப் பக்கம் ஓடி முழுசா எழும்பும். கனக்க அமத்தி வெடிச்சால் ஆவி கையைச் சுட்டுப் போடும், கவனம்.

வேளச்சேரி_வினோ
தர்ஷி அக்கா சொன்னது இண்டக்‌ஷனுக்கும் பொருந்துமா? ரூம்ல கேஸ் இல்ல, இண்டக்‌ஷன்தான். நான்ஸ்டிக் தவா ஒண்ணு இருக்கு. மாவு ராத்திரி பிசைஞ்சு வெச்சா காலையில சாம்பல் நிறமா, மேல கருப்புப் புள்ளியோட இருக்கு. கெட்டுப் போச்சான்னு தெரியாம ஒரு தடவை கொட்டிட்டேன்.

உணவியல்_கார்த்தி
வினோ, நிறம் மாறினது மட்டும்னா கொட்ட வேண்டாம். தவிட்டுல இருக்கிற ஒரு நொதி காத்து பட்டதும் மாவைக் கருக்க வைக்குது, வெட்டின வாழைக்காய் கருக்கிறதும் அதே வேலைதான். மேல எண்ணெய் தடவி, காத்து இல்லாம அளவான டப்பாவுல அமுக்கி வெச்சா குறையும். உப்பு போட்டுப் பிசைஞ்சாலும் கொஞ்சம் மட்டுப்படும். முகர்ந்து பாருங்க. புளிச்ச வாடையோ, தொட்டா நூல் மாதிரி பிசுபிசுப்போ இருந்தா மட்டும் கொட்டிடுங்க. ஃப்ரிட்ஜ்ல ஒன்னரை நாள், அதிகம் போனா ரெண்டு நாள்.

நான்ஸ்டிக்கை வெறுமனே முழு சூட்டுல காய விடாதீங்க. அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினா சிதைய ஆரம்பிக்கும், இண்டக்‌ஷன்ல எண்ணெய் இல்லாத தவா அந்தச் சூட்டை ரொம்பச் சீக்கிரம் எட்டிடும். சப்பாத்திக்கு இரும்புக்கல்தான் சரி.

டெல்லி_மணி
வினோ தம்பி, அடி தட்டையான இரும்புத் தவாவா வாங்குங்க, நடுவுல குழிஞ்சது இண்டக்‌ஷன்ல சரியா உட்காராது. சக்தியை முதல்லயே உச்சத்துல வைக்காம நடுவுல வெச்சு அஞ்சு நிமிஷம் காய விடுங்க, இல்லைன்னா நடுவுல மட்டும் சுருள் வட்டத்துக்குக் கருகும், ஓரம் வேகாது. சுடறப்ப பத்து நொடிக்கு ஒரு தடவை சப்பாத்தியை லேசாச் சுழட்டி விடுங்க. ஒவ்வொரு சப்பாத்திக்கு அப்புறமும் கல்லுல ஒட்டின வரமாவைத் துணியால துடைச்சிடணும். அது கருகி அடுத்ததுல ஒட்டினா கசக்கும்.

மாட்டுங்கா_கௌரி
தேய்க்கறச்சே வரமாவைக் கம்மியாத் தொட்டா துடைக்கிற வேலையும் கம்மி. உருண்டையை ரெண்டு பக்கமும் ஒரு தடவை மாவுல பிரட்டி, பாதி தேய்ச்சப்புறம் இன்னொரு தடவை, அவ்வளவுதான். கல்லுல போடறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கைக்கும் மாத்தி மாத்தித் தட்டினா மிச்ச மாவு உதிர்ந்துடும். செல்வி, நீங்க மடிச்சுத் தேய்க்கறச்சே பூரிக்கட்டையை நடுவுல அழுத்தாதீங்கோ, ஓரத்துல மட்டும் பலம் கொடுங்கோ. நடு தானா மெலிசாகும்.